வீடு எழும்பின வருஷம்

புள்ளி என்பது அவளுக்கு அலுவலகத்தில் விழுந்த பெயர். காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் சாயங்காலம் வரை திரை முழுக்கப் புள்ளிகளாக நிரப்பி, அவற்றின் நடுவே ஒரு கோட்டைப் போட்டு, கோட்டுக்கு மேலே யார், கீழே யார் என்று முறைத்துக்கொண்டிருப்பாள். 'புள்ளி வந்தாச்சா', 'புள்ளியைக் கேளு' என்று சொல்லிச் சொல்லி, பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவள் பிறந்து வளர்ந்த தெருவில் பட்டப்பெயர் இல்லாத ஆள் என்றால் நேற்று வந்து இறங்கியவன் என்று அர்த்தம்.

சாவி வெட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். வீடு, மனை, கடைக்கு மதிப்பு போட்டுக் கொடுக்கும் தொழில். அவள் வருவதற்கு முன்னால் அந்தத் தொழில் நடந்த விதம் வேறு. ஓர் ஆள் வீட்டைச் சுற்றி வருவான், சுவரைத் தட்டுவான், தாடையைச் சொறிவான், ஒரு விலையைச் சொல்வான். அதே வீட்டுக்கு மறுநாள் வேறொருத்தனை அனுப்பினால் அவன் தாடை வேறு விலை சொல்லும்.

புள்ளி அதை மாற்றினாள். நகரத்தில் விற்ற வீடுகளின் விவரத்தையெல்லாம் சேர்த்தாள். எவ்வளவு பரப்பு, எத்தனை வருஷம் பழசு, பெரிய சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி, மாடி உண்டா, மழைத் தண்ணீர் நிற்குமா, கடைசியில் என்ன விலைக்குப் போனது. எல்லாவற்றையும் ஒரு மென்பொருளுக்குள் கொட்டினாள். ரிக்ரெஷன் என்று அதற்குப் பெயர். ஆயிரம் வீட்டின் விலையைப் பார்த்துவிட்டு, ஒரு சதுர அடி கூடினால் எவ்வளவு ஏறும், ஒரு வருஷம் பழசானால் எவ்வளவு இறங்கும் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடும். பிறகு விற்காத வீட்டின் விவரத்தைக் கொடுத்தால் அதற்கும் ஒரு விலை சொல்லும். இப்படி விலை சொல்லும் கணக்குக்குத் தொழிலில் 'மாதிரி' என்று பெயர். தாடை தேவையில்லை.

முதல் அறிக்கை அச்சாகி வந்த அன்று கடைசிப் பக்கத்தில் 'மாதிரி தயாரித்தவர்' என்று போட்டு அவள் பெயர் இருந்தது. அதை நான்கைந்து முறை திறந்து பார்த்தாள். அவள் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இந்த நகரத்தில் எத்தனையோ கட்டடம் எழுப்பினார்கள். ஒன்றிலும் அவர்கள் பெயர் இல்லை. கல்வெட்டில் பெயர் வருவது ரிப்பன் வெட்டினவனுக்குத்தான். அந்தக் குடும்பத்தில் செய்த வேலைக்குக் கீழே பெயர் போட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சாலைத்துறை வேலை வந்தது. பெரிய சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்கு ஒரு தெருவையே முழுசாக எடுக்க வேண்டும். அறுபத்துச் சொச்சம் வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் நஷ்டஈடு எவ்வளவு என்று இவர்கள் அலுவலகம் மதிப்பு போட்டுத் தர வேண்டும்.

வரைபடத்தைப் பிரித்ததும் புள்ளிக்குத் தெரிந்துவிட்டது. அவள் பிறந்த தெரு. அவள் அண்ணன், அண்ணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் என்றால் அந்த அலுவலகத்தின் முதலாளி, ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் எதிரில் இருப்பவனுக்குப் பொய் வராது.

"மேடம், இதுல எங்கண்ணன் வீடு இருக்கு."

"எழுதிக் கொடு. கோப்புல முதல் தாளா வைக்கறேன்" என்றார் மேடம். "நீ மாதிரியைப் பாரு. தெருவுக்கு அளக்கப் போறது, வீட்டுக்குள்ள நுழையறது எதுவும் உனக்குக் கிடையாது. டேப்பு போவான்."

டேப்பு கள அளவைக்காரன். இடுப்பில் அளவு டேப் தொங்காமல் அவனை யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவிலும் தொங்குகிறது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

நகராட்சிப் பதிவில் இருந்த விவரத்தை வைத்துப் புள்ளி முதல் கணக்கை ஓட்டினாள். விலை வந்தது. மிகக் குறைவு. அந்தக் காசுக்கு நகரத்துக்குள் ஒரு கழிவறை வாங்கலாம், கதவு கேட்கக் கூடாது. தன் தெரு என்பதால்தான் குறைவாகத் தெரிகிறதோ என்று தன்னையே சந்தேகப்பட்டாள். அதனால் உணர்ச்சிக்கு வேலையில்லாத ஒரு காரியம் செய்தாள். அந்தத் தெருவிலும் அதே மாதிரியான மற்ற நான்கைந்து கூலிக்காரத் தெருக்களிலும் இதற்கு முன்பு விற்ற வீடுகளை எடுத்தாள். மென்பொருள் என்ன விலை சொல்கிறது, உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

கணக்கு எப்போதும் கொஞ்சம் பிசகும். அதில் தப்பில்லை. ஆனால் பிசகு நாலு வீட்டுக்கு மேலே, நாலு வீட்டுக்குக் கீழே என்று சிதறிக் கிடக்க வேண்டும். இங்கே அத்தனை புள்ளியும் கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தன. விற்ற ஒவ்வொரு வீடும் மென்பொருள் சொன்னதைவிட நல்ல விலைக்குப் போயிருந்தது. ஒன்றுகூடக் கீழே இல்லை.

"டேப்பு, இங்க வா. இதப் பாரு."

டேப்பு வந்து பார்த்தான். "அழகா இருக்கு. காக்கா கூட்டம் கம்பி மேல உக்காந்த மாதிரி."

"அழகைக் கேக்கல. ஒரே பக்கமா சாயுதுன்னா எங்கயோ விவரம் தப்புன்னு அர்த்தம்."

"அளவுல தப்பு இருக்காது. என் டேப்பு பொய் சொல்லாது."

"உன் டேப்பை யாரு குத்தம் சொன்னா? வயசுப் பத்தியைப் பாரு."

பார்த்தான். அண்ணன் தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் ஒரே வருஷம். மாடி வைத்த வீடு, ஒற்றை அறை வீடு, முனைக் கடை எல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே ஒரு வருஷத்தில் கட்டியது என்று பதிவு சொன்னது.

"ஒரு தெருவே ஒரே மழையில முளைச்சுதா?" என்றான் டேப்பு.

புள்ளிக்குக் காரணம் தெரியும். அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆற்றுப் பாலம் கட்டக் கொண்டுவந்த கூலிக்காரர்களை அந்த மேட்டில் இறக்கிவிட்டார்கள். பாலம் முடிந்தது, ஆட்கள் போகவில்லை. கொஞ்ச காலம் கழித்து, இன்ன வருஷத்துக்கு முன்னால் வந்தவர்களுக்கு இடம் சொந்தம் என்று அரசாங்கம் சொன்னது. விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். அதில் 'வருஷம்' என்று ஒரே ஒரு கட்டம். வந்த வருஷமா, வீடு கட்டின வருஷமா என்று யாரும் கேட்கவில்லை. தெரு முழுக்க ஒரே வாயாக, வந்து இறங்கிய வருஷத்தை எழுதியது. அந்த ஒரு வருஷம்தான் அவர்களை அங்கே நிற்க வைத்தது. இடம் உறுதியான பிறகு தகரக் கொட்டகையைப் பிரித்து, கையில் காசு வரும்போதெல்லாம் ஒவ்வொரு அறையாகக் கட்டினார்கள். வீடு புதுசாகிக்கொண்டே வந்தது, பதிவில் வருஷம் மட்டும் அப்படியே நின்றது. இப்போது அந்தப் பழைய வருஷத்தைப் பார்த்து மென்பொருள் விலையை வெட்டுகிறது.

மேடம் கேட்டுவிட்டு டேப்பை அனுப்பினார். "வீடு வீடாக் கேட்டு எழுதிட்டு வா. எந்த அறை எப்ப கட்டினதுன்னு."

டேப்பு போன வேகத்தில் திரும்பி வந்தான். நாற்காலியில் தொப்பென்று விழுந்தான்.

"உங்க தெருவா அது? எல்லாருக்கும் ஒரே வாத்தியாரா? எவனைக் கேட்டாலும் அதே வருஷம். ஒரு பொம்பளை, மாடி அறையில பெயின்ட் வாசனை இன்னும் போகல, கை வச்சா ஒட்டுது. அதுக்கும் அதே வருஷம் சொல்லுது. 'ஏம்மா, பெயின்ட் காயவே முப்பது வருஷமா'ன்னேன். 'நல்ல பெயின்ட்டு'ங்குது."

புள்ளி சிரித்துவிட்டாள். "பாலிஷ் அக்காவா இருக்கும். தரைக்குப் பாலிஷ் போடறவங்க."

"சிரி. அவங்க வாயைத் திறக்கலைன்னா நான் எதை எழுதறது?"

அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று புள்ளிக்குத் தெரியும். வருஷத்தை மாற்றிச் சொன்னால் இடமே போய்விடும் என்ற பயம். அந்தத் தெருவில் ஒருத்தன் சொன்னால் மற்றவர்கள் சொல்வார்கள். அந்த ஒருத்தன் அவள் அண்ணன். மேடத்திடம் அனுமதி கேட்டாள்.

"தங்கச்சியாப் போ, பேசு" என்றார் மேடம். "எந்த வீட்டுக்கு எவ்வளவுன்னு வாயில வந்துச்சு, உன்னை நானே தூக்கிருவேன்."

அண்ணன் கான்கிரீட் பம்பு ஓட்டுகிறவன். தெருவில் பெயரே பம்பு. கீழே நின்றுகொண்டு ரிமோட்டைக் கழுத்தில் மாட்டி, இருபதாவது மாடிக்குக் கலவையை ஏற்றுவான். அதனால் எல்லோரிடமும் தூரத்தில் இருக்கிறவனிடம் பேசுவது போலவே பேசுவான். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனபோது வாசலில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வா பாப்பா. நம்மளை எவ்வளவுக்கு விக்கப் போறே?"

"அதைப் பேசக்கூடாதுண்ணா. வருஷத்தைப் பத்திப் பேச வந்தேன்."

சொன்னாள். அவன் பூட்ஸைக் கீழே வைத்தான்.

"அந்த வருஷம் அப்பா சொன்னது. தெருவையே உக்கார வச்சு, ஒரே மாதிரி எழுதுங்கன்னு சொன்னது அவருதான். அதை மாத்தறதாம்? நாளைக்கு ஒருத்தன் வந்து, நீங்க அப்பவே பொய் சொன்னீங்க, எடத்தைக் காலி பண்ணுன்னா நீ வருவியா?"

"பொய் இல்லைண்ணா. வந்த வருஷம் அதுதான். எடத்துக்கு அந்த வருஷம், வீட்டுக்கு வேற வருஷம். ரெண்டும் வேற. பட்டா எடத்துக்குக் கொடுத்தது, அதை யாரும் தொட முடியாது. நான் வக்கீல்கிட்டயும் கேட்டுட்டேன்."

"வக்கீலு..." என்றான், எச்சில் துப்புவது போல.

அண்ணி துணி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏம்மா, வருஷத்தைச் சரியாச் சொன்னா எல்லாருக்கும் ஏறுமா?"

"சொல்ல முடியாது அண்ணி. எது உண்மையோ அது வரும்."

"இது என்ன பேச்சு? நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம வீட்டுக்கே ஆருடம் மாதிரி பேசுது."

"என் வேலை அண்ணி அது. அதுல கை வச்சா நாளைக்கு நான் சொல்ற எதையும் எவனும் நம்ப மாட்டான். நம்ம தெருவைப் பத்திச் சொல்றதையும் சேத்துத்தான்."

பம்பு பூட்ஸை மறுபடி எடுத்தான். அதில் ஒட்டியிருந்த கான்கிரீட்டை நகத்தால் சுரண்டினான். சின்ன வயதில் அவள் கணக்குப் பரீட்சையில் முதலாக வந்தபோதும் அவன் இப்படித்தான் எதையாவது சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது, பள்ளிக்கூடத்தை விட்டு ஜல்லி சுமக்கப் போய்விட்டிருந்தான்.

"தெருவுல நான் பேசறேன்" என்றான். "உனக்காக இல்ல. அந்த டேப்புக்காரன் பாவம். பாலிஷ் அவனை ஓட ஓட விரட்டிட்டா."

மறு சுற்று டேப்பு போனபோது கதவெல்லாம் திறந்திருந்தன. இந்தத் தடவை நாள் முழுக்க ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் சுண்ணாம்பு, முகமெல்லாம் வெளிச்சம்.

"புள்ளி, வருஷம் எவனுக்கும் ஞாபகம் இல்ல. ஆனா எந்தக் கட்டடத்துல வேலை செஞ்சப்போ கட்டினதுன்னு அத்தனை பேருக்கும் ஞாபகம் இருக்கு. ஒருத்தன் வீட்டு ஹால் தரை விமான நிலையம். அங்க மிஞ்சின கல்லு. சமையல்கட்டு கோர்ட்டு. ஒரு வெல்டர் வீட்டு மாடிப்படிக் கைப்பிடி ஸ்டேடியத்துது. பாலிஷ் அக்கா குளிக்கிற அறை பெரிய ஹோட்டல். 'உள்ள போயிப் பாரு தம்பி, வெளிநாட்டு மந்திரி குளிச்ச அதே டைல்ஸு'ங்குது."

"எல்லாம் மிச்சமானதுதானா?" என்றார் மேடம், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"மிச்சமானதும் உண்டு, மிச்சமாக்கினதும் இருக்கும் மேடம். உடைஞ்ச பெட்டின்னு எஞ்சினியரே தூக்கிக் கொடுத்ததுங்கறாங்க. நான் டைல்ஸ் வயசைத்தான் எழுதினேன், அதோட ஒழுக்கத்தை எழுதல."

அது போதும். விமான நிலையம், கோர்ட்டு, ஸ்டேடியம் எல்லாவற்றுக்கும் திறப்பு விழாக் கல் இருக்கிறது, அதில் தேதி இருக்கிறது. தரையில் கிடக்கும் கல்லின் ரகத்தைப் பார்த்துப் பொருத்தினால் அறை எப்போது எழும்பியது என்று தெரிந்துவிடும். டேப்பு போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தான். சந்தேகமான இடத்தில் கரண்ட் இணைப்பு வாங்கிய தேதியையும் சேர்த்துக்கொண்டார்கள். அதே பாரத்தில் வருஷம் எழுதிக் கொடுத்த மற்ற கூலிக்காரத் தெருக்களில் விற்ற வீடுகளுக்கும் இரண்டு பேரை அனுப்பி அப்படியே சரிபார்த்தார்கள். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது புள்ளிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த நகரத்தில் பெரியதாக நிற்கும் எந்தக் கட்டடமானாலும் அதன் ஒரு துண்டு அந்தத் தெருவில் கிடந்தது. கட்டினவர்கள் அங்கே இருந்தார்கள்.

புதிய வருஷங்களைப் போட்டு மென்பொருளை ஓட்டினாள். கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்த புள்ளிகள் கலைந்து இரண்டு பக்கமும் இறங்கின. தெரு வீடுகளின் விலை ஏறியது. பாலிஷ் அக்கா வீடு, வெல்டர் வீடு, முனைக் கடை எல்லாம் ஏறின. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி வரிசையில் கை நின்றது.

அண்ணன் வீடு இறங்கியிருந்தது.

மறுபடி ஓட்டினாள். அதே விலை. விவரத்தைப் பிரித்துப் பார்த்தாள். தப்பு எதுவும் இல்லை. இத்தனை நாள் புது அறைகளெல்லாம் பழசு என்ற பெயரில் நல்ல விலைக்குப் போனதால், பழசாவது அவ்வளவு பெரிய குறை இல்லை என்று மென்பொருள் நம்பிக்கொண்டிருந்தது. வருஷம் திருந்தியதும் வயசுக்கு உண்மையில் என்ன அடி விழும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. உண்மையிலேயே பழைய வீட்டுக்கு இன்னும் பலமாக வெட்டியது. அந்தத் தெருவில் உண்மையிலேயே பழைய வீடு ஒன்றே ஒன்றுதான். மற்றவர்கள் தகரம் கட்டிக்கொண்டிருந்தபோது, வந்த வருஷமே செங்கல் வைத்துக் கட்டியது ஒரு கொத்தனார்.

டேப்பு பின்னாலிருந்து பார்த்தான். வழக்கம் போல் ஒரு கிண்டல் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"ஏதாவது பண்ண முடியாதா?" என்று கேட்டான்.

"முடியும். வயசால விழற வெட்டைக் குறைக்க ஒரு பத்தியைச் சேர்த்தா, இல்ல ஒண்ணு ரெண்டு பழைய விற்பனையைத் தூக்கிட்டா சரியாயிடும். யாருக்கும் தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் இதுக்குப் பேரு மாதிரி இல்ல. இதுவும் ஒரு தாடைதான்."

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. அண்ணியின் ஈரக் கை கண்ணில் நின்றது. அறிக்கையை அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள்.

ஆட்சேபம் கேட்கும் நாளில் சாலைத்துறையின் கூடம் நிரம்பி வழிந்தது. வேலைக்குப் பாதி நாள் மட்டம் போட்டுவிட்டு வந்தவர்கள், சிலருக்கு முழங்கையில் சிமென்ட் இன்னும் வெள்ளையாக இருந்தது. பம்பு மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அண்ணி. அவர்களுக்கு எதுவும் தெரியாது. புள்ளி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

மேடம் அறிக்கையைச் சுருக்கமாகச் சொன்னார். அதிகாரி நிதானமான மனிதர். தாள்களைப் புரட்டினார்.

"மாதிரியைப் போட்டது யாரு?"

"நான்தான் சார்." புள்ளி எழுந்தாள்.

"உங்க கூடப்பிறந்தவர் வீடு இந்தத் தெருவுல இருக்குன்னு கோப்புல முதல் தாளே சொல்லுது. முதல் கணக்குல விலை குறைவு. நீங்க திருத்தினீங்க, ஏறிடுச்சு. இதை நாங்க எப்படி எடுத்துக்கறது?"

"எப்படி வேணா எடுத்துக்குங்க, கொடுக்கறதைச் சரியாக் கொடுங்க" என்று பின்னாலிருந்து பாலிஷ் அக்காவின் குரல் வந்தது. கூடம் சிரித்தது. அதிகாரியும் லேசாகச் சிரித்துவிட்டு மறுபடி புள்ளியைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. இந்தக் கேள்விக்குப் பதில் பிசகினால் அறுபது குடும்பத்துக்கும் பழைய விலைதான், அவள் தொழிலும் அதோடு சரி.

"சார், விற்ற வீடுங்கள்ல கொஞ்சத்தை மாதிரிக்குக் காட்டாம ஒளிச்சு வச்சோம். வருஷத்தைத் திருத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை, திருத்தின பிறகு ஒரு தடவை, அந்த வீட்டுக்கெல்லாம் விலை சொல்லச் சொன்னோம். முன்னாடி அத்தனையும் குறைவாச் சொல்லுச்சு. இப்ப சிலது கூட, சிலது குறைய, பிசகு பாதிக்கும் கீழ. ரெண்டு படமும் இணைப்புல இருக்கு."

அதிகாரி இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையசைத்தார். ஆனால் கேள்வி இன்னும் முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எங்கண்ணன் வீடு பட்டியல்ல கடைசி வரிசை சார்" என்றாள். "அதையும் பாருங்க."

பார்த்தார். விரலை வைத்து மறுபடி பார்த்தார். "இது இறங்கியிருக்கே?"

"ஆமா சார். தெருவுல இறங்கினது அது ஒண்ணுதான்."

"ஏன்?"

"அது உண்மையிலேயே பழசு. எங்கப்பா கொத்தனார். வந்த வருஷமே செங்கல்லுல கட்டிட்டாரு."

அப்போதுதான் அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அண்ணி வாயில் கை வைத்திருந்தாள். பம்பு கட்டின கையைப் பிரிக்கவில்லை. அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "திருத்திய மதிப்பை ஏத்துக்கறேன்" என்றார். பிறகு, எழுதிக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், "இனிமே வர்ற பாரத்துல ரெண்டு கட்டம் வைக்கணும்" என்றார்.

கூடம் வெடித்தது. விசில் அடித்தார்கள். வெல்டர் டேப்பைத் தூக்கியே விட்டான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது.

வெளியே படிக்கட்டில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். அண்ணிதான் முதலில் வந்தாள்.

"ஊருக்கெல்லாம் ஏத்தி, சொந்த அண்ணனுக்குப் பெப்பே காட்டிட்டியே" என்றாள். கோபம்தான். ஆனால் அவள் கை புள்ளியின் தோளில் இருந்தது, எடுக்கவும் இல்லை. "முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி. சொல்லக்கூடாது."

"பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவோம்னு நினைச்சியா?"

"நினைச்சேன்."

பம்பு இரண்டு படி இறங்கி வந்தான். வழக்கம் போல இருபதாவது மாடிக்குக் கேட்கிற குரலில் பேசினான். படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"கேட்டீங்களாடா? எங்கப்பன் கட்டின வீடு ஒண்ணுதான் இந்தத் தெருவுல நிஜமாவே பழசாம். மத்ததெல்லாம் நேத்து முளைச்சதாம். எங்கப்பனும் ஏமாத்தல, எங்கப்பன் பொண்ணும் ஏமாத்தல. போதுமா?"

"போதும்ணே, காது கிழியுது" என்றான் வெல்டர்.

"அவ்வளவு பெரிய ஆபீசர் முன்னாடி, கை நடுங்காம நின்னாடா. பாத்தியா?" பம்புவின் குரல் சட்டென்று உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "சிமென்ட்டு தூசு" என்றான்.

"இங்க ஏதுண்ணே சிமென்ட்டு?"

"வாயை மூடு."

பாலிஷ் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கனமான தரை மெருகேற்றும் இயந்திரத்தை ஓட்டி ஓட்டி இரும்பாகிப்போன கை. அந்தக் கையால் பம்புவின் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள்.

"பம்பு, கேளு. உனக்கு வர்ற காசுல ஊருக்கு வெளிய ஒரு மனை வருமா, வராதா?"

"மனை வரும். வீடு வராது."

"வீட்டை யாருடா வாங்கச் சொன்னா? நாங்கெல்லாம் என்ன தொழில் பாக்கறோம்? தரை என்னுது. கம்பி வேலை இவனுது. கரண்ட்டு, குழாய், பூச்சு, எல்லாத்துக்கும் இந்தப் படியிலயே ஆள் நிக்குது. கூலின்னு வாயைத் திறந்தே, பல்லு இருக்காது."

"கான்கிரீட் பம்பு நான் கொண்டு வரேன்" என்றான் பம்பு, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக.

"ஒரு மாடி வீட்டுக்கு எதுக்குடா பம்பு? வாளியில தூக்கலாம்."

"என் வீட்டுக்கு நான் பம்புலதான் ஏத்துவேன்."

அங்கேயே சண்டை ஆரம்பித்தது. மனை எந்தப் பக்கம் பார்ப்பது, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், படியை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா. வெல்டர் தரையில் சாக்கட்டியால் கோடு இழுத்தான். பாலிஷ் அக்கா அதைக் காலால் அழித்துவிட்டு வேறு இழுத்தாள். டேப்பு பொறுக்க முடியாமல் இடுப்பிலிருந்து டேப்பை உருவினான். காவலாளி வந்து விரட்டினான், ஒருத்தரும் நகரவில்லை.

"ஏம்மா, நீ சொல்லு" என்று அண்ணி புள்ளியை உள்ளே இழுத்தாள். "சமையல்கட்டு எங்க வரணும்?"

புள்ளி குனிந்து பார்த்தாள். ஆயிரம் வீட்டின் விலை அவள் தலைக்குள் இருந்தது. "பின்பக்கம் வச்சா முன்னாடி ஓர் அறை பெருசாகும் அண்ணி. முன்னறை பெருசா இருந்தா விலை ஏறும்."

அண்ணி இடுப்பில் கை வைத்தாள். "விக்கறதுக்காடி கட்டறோம்? காலையில வெளிச்சம் எந்தப் பக்கம் வரும், அதைச் சொல்லு."

புள்ளி சூரியன் இருக்கும் திசையைத் தேடி நிமிர்ந்தாள்.